செவ்வாயும் ஓர் அரிசி மூட்டையும்

சோதிடத்தை நம்புவோர் ஒரு காலத்தில் ஒரே வகையினராக இருந்தனர். முன்னோர் சொன்னார்கள், அதனால் நம்புகிறோம் என்பதே அவர்களின் விடையாக இருந்தது. அதற்கு மேல் அவர்கள் சான்று தேடவுமில்லை. தேட வேண்டும் என்று கருதவுமில்லை. இன்று இரண்டாவது வகையினர் பெருகியுள்ளனர். இவர்கள் கற்றவர்கள், பௌதிகமும் இரசாயனமும் பயின்று பட்டம் பெற்றவர்களும் இவர்களுள் உளர். முன்னோர் சொன்னார்கள் என்று கூற இவர்கள் நாணுகின்றனர். நம்பிக்கையைக் கைவிடவும் மனம் கொள்கிலர். ஆதலின் புதியதொரு வாதத்தை முன்வைக்கின்றனர். சந்திரன் கடலை இழுக்கின்றது. அதனால் வற்றும் பெருக்கும் நிகழ்கின்றன. மனித உடலிலும் பெரும்பகுதி நீரே. கடலையே அசைக்கும் ஆற்றல் மனிதனை விட்டுவிடுமா? சந்திரனுக்கு உள்ள ஈர்ப்பு செவ்வாய்க்கும் சனிக்கும் உண்டல்லவா? நியூற்றன் பின்னர் கண்டதை நம் முன்னோர் முன்னரே கண்டு சாதகமாக வகுத்து வைத்தனர். இதுவே அவ்வாதம்.

முதல் வகையினரோடு இக்கட்டுரைக்கு வழக்கு எதுவும் இல்லை. நம்பிக்கை என்று சொல்லி நம்புவோர் நேர்மையானவர்கள். இரண்டாம் வகையினரோ விஞ்ஞானத்தின் மன்றத்துக்குத் தாமே வலிந்து வந்து, நியூற்றனைச் சாட்சிக்கு அழைத்தவர்கள். அழைக்கப்பட்ட சாட்சி யாது கூறுகின்றார் என்பதைக் கேட்க வேண்டிய கடப்பாடு அவர்களுக்கு உண்டு. அச்சாட்சி கூறுவது மிகச் சுருக்கமானது. இரண்டு பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பு, அவற்றின் திணிவுகளையும் அவற்றுக்கிடைப்பட்ட தூரத்தையும் பொறுத்தது. வேறு எதனையும் பொறுத்ததன்று.

இஃது ஓய்வுநேர விவாதம் என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. ஒரு பெண்ணின் குறிப்பில் செவ்வாய் எட்டில் நிற்கின்றது என்ற ஒரே காரணத்தினால் பேசி முடித்த சம்பந்தங்கள் குலைவதை நம் சமூகம் நாள்தோறும் காண்கின்றது. அவளுடைய கல்வியும் குணமும் ஒரு புறம் நிற்க, காகிதத்தில் வரைந்த பன்னிரண்டு கட்டங்களுள் ஒன்று அவள் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. பத்திரிகைகளின் மணமகன் தேவைப் பகுதியில் வயதுக்கும் தொழிலுக்கும் அருகே செவ்வாய் நிற்கும் இடமும் பாவத்தின் தொகையும் அச்சாகின்றன. இக்கொடுமைக்கு மரபு ஒன்றே அரணாக இருந்தவரை அதனை எதிர்த்து வாதாட ஒரு வழி இருந்தது. இப்போது விஞ்ஞானமே அரணாகும் என்று கூறப்படுகின்றது. ஆகவே அந்த அரணின் வலிமையைச் சோதித்தல் இன்றியமையாததாகின்றது.

1687 இல் வெளிவந்த தமது பெருநூலில் நியூற்றன் நிறுவிய விதியை எண்களின்றியும் விளக்கலாம். ஒரு பொருளின் திணிவு இரு மடங்கானால் ஈர்ப்பும் இரு மடங்காகும். தூரம் இரு மடங்கானாலோ ஈர்ப்பு பாதியாவதில்லை; நாலில் ஒன்றாகும். தூரம் பத்து மடங்கானால் ஈர்ப்பு நூறில் ஒன்றாகும். திணிவு ஈர்ப்பை வளர்க்கும் வேகத்திலும் மிகுந்த வேகத்தில் தூரம் அதனைத் தேய்க்கின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பூமியின் மேற்பரப்பில் கைவிடப்பட்ட ஒரு பழம் முதலாவது செக்கனில் 4.9 மீற்றர் விழுகின்றது. பூமியின் நடுவிலிருந்து அப்பழத்தினும் 60 மடங்கு தொலைவில் உள்ள சந்திரன், அதே ஒரு செக்கனில், 3600 இல் ஒரு பங்காகிய 1.4 மில்லிமீற்றரளவே பூமியை நோக்கி விழுகின்றது. பழமும் சந்திரனும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதற்கு நியூற்றன் காட்டிய சான்று இந்தக் கணக்கே. 'இழுக்கின்றது' என்று சொன்னதனால் அவர் வெல்லவில்லை. எவ்வளவு இழுக்கின்றது என்று சொன்னதனால் வென்றார்.

அந்த 'எவ்வளவு' என்னும் வினாவுக்கு அன்றாடப் பொருள்களில் விடை கண்டவர் கவெண்டிஷ். 1797, 1798 ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு மெல்லிய கம்பியில் நீண்ட கோலொன்றைத் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகளைப் பொருத்தினார். அவற்றினருகே ஏறக்குறைய 158 கிலோகிராம் திணிவுள்ள பெரிய ஈயக் குண்டுகளைக் கொணர்ந்தபோது கோல் மிக நுண்ணிய அளவில் திரும்பியது. அறையிற் காற்றசைவு நேராதிருக்க, அவர் வெளியில் நின்று தொலைநோக்கியினூடாக அதனை அளந்தார். இத்தனை பெரிய குண்டு சிறிய குண்டை இழுத்த விசை, சிறிய குண்டின் நிறையில் ஏறக்குறைய ஐந்து கோடியில் ஒரு பங்கு. எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கின்றது என்பது உண்மையே. ஆயின் அவ்விழுவை பெரும்பாலும் இல்லாமைக்கு அடுத்தபடியாக இருப்பது என்பதும் அதேயளவு உண்மை.

இனிச் செவ்வாய்க்கு வருவோர் கணக்கோடு வரட்டும். செவ்வாயின் திணிவு பூமியின் திணிவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பூமிக்கு மிகக் கிட்ட வரும்போது அது 5.6 கோடி கிலோமீற்றர் தொலைவில் நிற்கின்றது. மிகத் தூர விலகும்போது 40 கோடி கிலோமீற்றர் தொலைவிற் செல்கின்றது. இப்போது 3 கிலோகிராம் திணிவோடு பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய் மிகக் கிட்ட நிற்கும் நாளில் அக்குழந்தை பிறந்தால், செவ்வாய் அதனை இழுக்கும் விசை, குழந்தையின் நிறையில் ஏறக்குறைய எழுபது கோடியில் ஒரு பங்கு. அதே குழந்தையினருகே, நடுவிலிருந்து நடுவுக்கு அரை மீற்றர் தூரத்தில், 50 கிலோகிராம் அரிசி மூட்டையொன்றை வைத்தால் அந்த மூட்டை இழுக்கும் விசையும் ஏறக்குறைய அவ்வளவே. செவ்வாய் மிகத் தூர விலகிய நாளில் பிறந்த குழந்தைக்கோ மூட்டை வேண்டியதில்லை. ஒரு கிலோகிராம் அரிசி போதும். சூத்திரம் கற்ற எவரும் இக்கணக்கைக் காகிதத்தில் ஐந்து நிமிடத்திற் செய்து சரிபார்க்கலாம்.

ஈர்ப்பினால் விதி அமைகின்றது என்போர் இதற்கு விடை கூற வேண்டும். பிறப்பு அறையில் மருத்துவிச்சி எத்தனை அடி தள்ளி நின்றாள் என்று எந்தச் சாத்திரியார் கேட்கின்றார்? தாயின் கட்டில் எந்தச் சுவரருகே இருந்தது, அச்சுவர் கல்லா மண்ணா என்று எந்தக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளது? அரிசி மூட்டைக்கு இல்லாத குற்றம் செவ்வாய்க்கு எவ்வாறு வந்தது? இரண்டும் ஒரே விசை, ஒரே அளவு.

மேலும், செவ்வாய் கிட்ட நிற்கும் நாளுக்கும் தூர நிற்கும் நாளுக்கும் இடையில் அதன் இழுவை ஐம்பது மடங்கு வேறுபடுகின்றது. ஈர்ப்பே காரணமாயின் குற்றத்தின் அளவும் ஐம்பது மடங்கு வேறுபடல் வேண்டும். பொருத்தம் பார்க்கையில் வினவப்படுவதோ செவ்வாய் எத்தனை கோடி கிலோமீற்றரில் நின்றது என்பதன்று. இலக்கினத்திலிருந்து எத்தனையாம் இடத்தில் நின்றது என்பதே. இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என்பன திசையைக் குறிக்கும் எண்கள். தூரத்தைக் குறிப்பன அல்ல. இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகின்றது. காலையில் ஒன்பதாம் இடத்திலிருந்த செவ்வாய் இரண்டு மணி நேரத்தில் எட்டாம் இடத்துக்கு வந்துவிடும். அவ்விரண்டு மணி நேரத்திற் செவ்வாயின் திணிவு மாறவில்லை. தூரமோ நூற்றில் ஒரு பங்குகூட மாறவில்லை. விசை மாறாதிருக்க விதி மட்டும் மாறுமாயின், அவ்விதியை மாற்றியது ஈர்ப்பு அன்று. இதனை உணர உயர் கணிதம் வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வினா. ஈர்ப்பு பிறந்த கணத்தில் மட்டும் தொழிற்பட்டு ஓய்ந்துவிடுவதன்று. அது வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கணமும் தொழிற்படுவது. 3 கிலோகிராம் குழந்தையாக இருந்தவள் 60 கிலோகிராம் திணிவுள்ள மணமகளாக நிற்கும் வேளையில், தூரம் ஒன்றாயிருப்பின், செவ்வாய் அவளை இருபது மடங்கு விசையோடு இழுக்கின்றது. அந்த இருபது மடங்கை விடுத்து, என்றோ கழிந்த ஒரு பங்கைச் சாத்திரம் பற்றிக்கொண்டிருப்பதேன்?

கிரகங்களைத் திணிவு, தூரம் என்ற வரிசையில் நிறுத்தினால் சாதகத்தின் வரிசை தலைகீழாகின்றது. மிகக் கிட்ட வரும் காலங்களை ஒப்பிட்டால் வியாழனின் இழுவை செவ்வாயினதைப் போல் ஏறக்குறைய 26 மடங்கு; சனியின் இழுவை ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே ஈர்ப்பைக் கண்டு அஞ்சும் சமூகம் செவ்வாய்க் குற்றத்துக்கு முன்னர் வியாழக் குற்றத்தையே கண்டிருக்க வேண்டும். சாதகத்திலோ வியாழன் சுபக் கிரகம்; அவர் பார்வை கோடி நன்மை. ஈர்ப்பு நன்மையும் தீமையும் அறியாதது. எல்லாவற்றையும் இழுப்பதன்றி எதனையும் அது தள்ளுவதில்லை. ஒரே விசை வியாழனிடமிருந்து வரும்போது மங்கலமாகவும் செவ்வாயிடமிருந்து வரும்போது அமங்கலமாகவும் ஆவதற்கு அவ்விதியில் இடமே இல்லை.

இராகுவையும் கேதுவையும் இங்கு மறத்தல் ஆகாது. இவ்விரண்டும் பொருள்களே அல்ல. சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு இட்ட பெயர்கள் அவை. புள்ளிக்குத் திணிவு இல்லை. திணிவு சூனியமாயின் ஈர்ப்பும் சூனியம். ஒன்பது கிரகங்களுள் இரண்டு நியூற்றனின் விதிப்படி எதனையும் இழுக்க இயலாதவை. எனினும் இராகு தசையும் கேது தசையும் இருபத்தைந்து ஆண்டுகளை ஆள்கின்றன. மறுபுறம், 1781 இல் ஹேர்ஷல் கண்ட யுரேனசு பூமியைப் போல் பதினான்கு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையது. செவ்வாய் மிகத் தூர நிற்கும் காலத்தில் யுரேனசின் இழுவை அதனினும் பெரிது. மரபுவழிச் சாதகத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. திணிவு உள்ளதை விட்டுத் திணிவு இல்லாததைக் கணக்கிற் கொண்ட ஒரு முறை, ஈர்ப்பை முன்னரே அறிந்து வகுக்கப்பட்டது என்பது நகைப்புக்கு இடமானது.

சனிப்பெயர்ச்சி தரும் சான்று அதனினும் வெளிப்படையானது. திருக்கணிதத்தின்படி சனி கும்ப இராசிக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரியில். வாக்கியத்தின்படி அதே ஆண்டு டிசெம்பரில். வானில் ஒரு சனியே உளது. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் அதன் ஈர்ப்பு மகரத்தாரைத் தாக்கியதா கும்பத்தாரைத் தாக்கியதா என்று வினவினால், எந்தப் பஞ்சாங்கத்தை வாங்கினீர் என்பதே விடையாகின்றது. பஞ்சாங்கத்தைப் பார்த்து விசை மாறுவதில்லை.

இனி, கடலை இழுக்கும் சந்திரன் மனிதனையும் இழுக்காதா என்ற முதல் வாதத்தை நோக்கல் தகும். இவ்வாதத்திற் பிழை நுண்ணியதாதலின் பலர் இதில் மயங்குகின்றனர். சூரியனின் திணிவு சந்திரனின் திணிவைப் போல் ஏறக்குறைய 2.7 கோடி மடங்கு. தூரம் ஏறக்குறைய 390 மடங்கு. இவ்விரண்டையும் விதியில் இட்டால், சூரியன் பூமியை இழுக்கும் விசை சந்திரன் இழுப்பதைப் போல் 170 மடங்குக்கும் மேற்படும். அவ்வாறாயின் வற்றுப்பெருக்கை ஆள்வது சூரியனாக இருத்தல் வேண்டும். உண்மையிலோ சூரியனின் பங்கு சந்திரனின் பங்கிற் பாதியினும் குறைவு. காரணம் யாதெனின், வற்றுப்பெருக்கு ஈர்ப்பினால் அன்று, ஈர்ப்பின் வேறுபாட்டினால் நிகழ்கின்றது. பூமியின் சந்திரனை நோக்கிய பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. இவ்வேறுபாடு தூரத்தின் வர்க்கத்தோடன்றி அதன் கனத்தோடு தேய்கின்றது. தூரம் இரு மடங்கானால் எட்டில் ஒன்றாகும்.

அவ்வேறுபாடு தோன்றுவதற்குப் பரப்பு வேண்டும். பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,740 கிலோமீற்றர். அத்துணைப் பரப்பிலும் எழும் வேறுபாடு இலங்கைக் கரையிற் கடலை ஒரு மீற்றர்கூட உயர்த்துவதில்லை. பால்டிக் கடலில் வற்றும் பெருக்கும் கண்ணுக்குப் புலப்படுதல் அரிது. குடத்து நீரில் அவை இல்லவே இல்லை. மனிதனின் உயரமோ பூமியின் விட்டத்தில் 75 இலட்சத்தில் ஒரு பங்களவினது. நீர் என்பதாற் சந்திரன் அதனை விரும்பி இழுக்கின்றது என்பதும் பிழை. ஈர்ப்பு நீரையும் கல்லையும் பிரித்தறிவதில்லை. திண்ணிய நிலமும் சந்திரனால் நாள்தோறும் சில பத்துச் சென்ரிமீற்றர் உயர்ந்து தாழ்கின்றது. கிரகங்கள் யாவும் ஒன்றுசேர்ந்து பூமியில் எழுப்பக்கூடிய வற்றுப்பெருக்கு, சந்திரன் எழுப்புவதிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது.

இக்கணக்கை மறந்தோர் அடைந்த ஏமாற்றத்துக்கு வரலாறு சான்று பகரும். 1962 பெப்ரவரி 3 முதல் 5 வரை, கேதுவோடு சேர்த்து எட்டுக் கிரகங்கள் மகர இராசியிற் கூடின. உலகம் அழியும் என்று இந்தியாவெங்கும் அச்சம் பரவியது; யாகங்கள் நிகழ்ந்தன. நாள்கள் கடந்தன, உலகம் இருந்தபடியே இருந்தது. இதனைக் கீழைத்தேயத்தாரின் பேதைமை என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை. கிரகங்கள் சூரியனின் ஒரு புறமாகத் திரளும் 1982 இல், அதன் தொடர்விளைவாகக் கலிபோர்னியாவிற் பெரும் பூமியதிர்ச்சி நேரலாம் என்று 1974 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியோர் இருவரும் விஞ்ஞானம் பயின்றவர்கள். 1982 மார்ச் 10 வந்தது, சென்றது. அளவை மறந்த விஞ்ஞானியும் அளவை அறியாத சாத்திரியாரும் ஒரே இடத்திற் சென்று நின்றனர்.

எதிர்த்தரப்பினரிடம் வலிமையான வாதம் ஒன்று உண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. சந்திரனே கடலை அசைக்கின்றது என்று கெப்ளர் கூறியபோது, 1632 இல் வெளிவந்த தமது நூலில் கலிலியோ அதனை ஏற்க மறுத்தார். மறைவான செல்வாக்குகளை நம்பும் பழைய மனப்பான்மையாகவே அது அவருக்குத் தோன்றியது. கெப்ளர் சாதகம் கணித்தவர் என்பதும் உண்மை. இறுதியில் கெப்ளர் கூறியதே சரியாயிற்று. அன்று கலிலியோ பிழைத்ததுபோல் இன்றைய விஞ்ஞானியும் பிழைக்கலாமன்றோ என்பர். பிழைக்கலாம். ஆயின் சந்திரனின் செல்வாக்கு விஞ்ஞானத்தில் இடம்பெற்றது எதனால்? யாரோ நம்பியதனால் அன்று. அரை நூற்றாண்டு கழித்து நியூற்றன் அதற்கு ஓர் அளவு கற்பித்தார். அவ்வளவு கடலோடு பொருந்திற்று. 1846 இல் யுரேனசின் சிறு தடுமாற்றத்தைக் கொண்டு, காணாத ஒரு கோள் வானில் எவ்விடத்தில் நிற்கும் என்று லெவெரியே கணித்தார். பேர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பிய இரவிலேயே, கணித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்தியூன் அகப்பட்டது. கிரகங்களின் செல்வாக்கு என்பது இதுவே. அவ்வாயில் சோதிடத்துக்கும் திறந்தே உள்ளது. அளவோடு வருக என்பதே நிபந்தனை.

இந்நிலையில் எதிர்த்தரப்பினர் வேறோர் இடத்துக்குப் பின்வாங்குவர். ஈர்ப்பு இல்லையாயின் விஞ்ஞானம் இன்னும் அறியாத வேறொரு விசை என்பர். அவ்வாறு கூறுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயின் அக்கணமே நியூற்றனின் பெயரையும், சந்திரனையும், கடலையும் திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும். இரவல் வாங்கிய சான்றைக் கையில் வைத்துக்கொண்டே வேறு வழக்குப் பேசுதல் ஆகாது. சமயத்தின் பெயரால் அரண் தேடுவோருக்கும் வழி எளிதன்று. அடியாரைக் கோள்கள் தீண்டா என்று கோளறு பதிகம் பாடியவர் சம்பந்தர். அப்பதிகத்தை ஓதிவிட்டு எட்டாம் இடத்துச் செவ்வாயைக் கண்டு நடுங்குதல் பக்தியும் ஆகாது, விஞ்ஞானமும் ஆகாது.

இவ்வளவு தெளிவான ஒன்று கற்றோரிடையே எவ்வாறு குழம்பியது? விடை நமது கல்வி முறையிலேயே உள்ளது. உயர்தர வகுப்பில் ஈர்ப்புச் சூத்திரம் மனனம் செய்யப்படுகின்றது, தரப்பட்ட எண்கள் இடப்படுகின்றன, புள்ளிகள் பெறப்படுகின்றன. அதே மாணவர் வீட்டிற் சாதகம் விரிக்கப்படும்போது அச்சூத்திரத்தை நினைப்பதில்லை. பரீட்சை மண்டபத்து உண்மை வேறாகவும் வீட்டுத் திண்ணையின் உண்மை வேறாகவும் வாழ அவர் பழக்கப்பட்டுவிட்டார். கலைப்பீடத்து மாணவரும் இதில் விலக்கல்லர். விஞ்ஞானம் தமது துறையன்று என்று ஒதுங்குவோர், விஞ்ஞானத்தின் பெயரால் எவர் எதனைக் கூறினும் தலையாட்டும் நிலைக்கே ஆளாகின்றனர். ஒரு சமூக அநீதி தன் நியாயத்தைப் பௌதிகத்திலிருந்து திருடும்போது, அத்திருட்டைக் கண்டுபிடிப்பது சமூகத்தைக் கற்போரின் கடமையுமாகும்.

வியப்பை விரும்புவோருக்கு ஈர்ப்பில் வியப்புக்குக் குறைவில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் மட்டம், பூமியின் வடிவத்துக்கென வகுத்த ஒப்பு மட்டத்தினும் ஏறக்குறைய 100 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. பூமியின் ஆழத்தில் அப்பகுதியிற் திணிவு குறைந்திருத்தலே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. நம் தீவின் வாசலிலேயே திணிவும் தூரமும் சேர்ந்து கடலிற் பெரும் பள்ளமொன்றை அமைத்திருக்க, அதனை அறியாது, கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள சிறு கோளொன்று தன் வீட்டுப் பெண்ணின் மாங்கலியத்தைப் பறிக்கின்றது என்று ஒரு சமூகம் கலங்குகின்றது.

செவ்வாய் குற்றமற்றது. திணிவும் தூரமும் அதனை விடுதலை செய்து வெகுகாலமாயிற்று. சீதனம் போதாதபோது முன்னே நிற்கும் செவ்வாய், சீதனம் பெருகியவிடத்து விதிவிலக்குப் பெற்று மறைவதை யாவரும் அறிவர். ஒரு சம்பந்தத்தை மறுப்போர் மறுக்கட்டும். அதன் உண்மையான காரணத்தைத் தம் வாயாற் கூறட்டும். அதனைக் கூற நாணி, 5.6 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஒரு கோளின் மேற் பழியைப் போட்டு, அப்பழிக்கு நியூற்றனைச் சாட்சியாக நிறுத்துதல் இனியேனும் ஒழிதல் வேண்டும்.